மொட்டைக் கத்தி வாங்கப் போகிறீர்களா? ஒன்று போதாது, இரண்டாக வாங்குங்கள்

தனிக்குடித்தனம் போகிறவர்களும், பாளையங்கோட்டையில் படிக்கவோ வேலைக்கோ வந்து அறை எடுத்துத் தங்குகிறவர்களும் எழுதும் சாமான் பட்டியலில் வெண்ணெய்க் கத்தி வருவதே இல்லை. ஜாம் பாட்டில் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பி, காம்பு வளைந்த பிறகுதான் ஞாபகம் வரும். பிறகு ஏதோ ஒன்றை வாங்கி, ஒரே கத்தியால் வெண்ணெயும் தடவி, இஞ்சியும் சுரண்டி, பெயிண்ட் டப்பாவும் திறப்பார்கள். அப்படி ஆகாமல் இருக்கத்தான் இது. காய் நறுக்கும் கத்தியை இங்கே பேசவில்லை. கூர் இல்லாமல், முனை உருண்டு இருக்கும் பட்டர் கத்தி மட்டும்.

1. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள்

கடையில் போய் “அண்ணாச்சி, பட்டர் கத்தி இருக்கா?” என்றால் மூன்று விதமான சாமானை எடுத்துப் போடுவார்கள். அலகில் ரம்பப் பல் உள்ளது ஒன்று. அது ஹோட்டல் மேசைக் கத்தி. அலகு குட்டையாகவும் கரண்டி போல அகலமாகவும் இருப்பது இரண்டாவது. அது தடவுவதற்கு மட்டும்தான் ஆகும், மூடி திறக்க முயன்றால் கழுத்தில் வளையும். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. முழு நீளம் 16 முதல் 20 செ.மீ., அலகு அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, முனை உருண்டை, பல் கிடையாது, கையில் எடுத்தால் கொஞ்சம் கனம் தெரியும்.

ரம்பப் பல் உள்ளதை “எல்லாத்துக்கும் ஆகும்” என்று கொடுப்பார்கள். ஆகாது. பல்லிடுக்கில் வெண்ணெய் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பன்னைப் பிய்த்துவிடும், இட்லித் தட்டில் கோடு போடும்.

2. எங்கே, எப்போது, என்ன விலை

நெல்லை டவுன் ரத வீதிகளில் உள்ள பாத்திரக் கடைகளே போதும். அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளை பக்கம் இருப்பவர்கள் இதற்காக டவுன் வர வேண்டியதில்லை, உள்ளூர்ப் பாத்திரக் கடையிலும் கிடைக்கும். பெரிய பாத்திரங்களை எடைக்குப் போடுவார்கள். கரண்டி, கத்தி எல்லாம் எண்ணிக்கைக் கணக்கு. மெல்லிய தகட்டுக் கத்தி 20, 30 ரூபாய்க்கே வரும். நல்ல கனத்தில் வேண்டுமானால் ஒன்றுக்கு 50 முதல் 100 ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். விலை கடைக்குக் கடை மாறும். ஆறு சேர்ந்த பெட்டி வாங்கினால் ஒன்றின் விலை குறையும், ஆனால் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் மீதி நான்கும் இழுப்பறையில் தூங்கும்.

ஆனித் தேரோட்டத்தை ஒட்டிய நாட்களில் ரத வீதிப் பக்கம் கத்தி வாங்கப் போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஆடித் தள்ளுபடிக்காகக் காத்திருப்பதும் வீண். தள்ளுபடி எல்லாம் குக்கருக்கும் செட்டுப் பாத்திரத்துக்கும்தான், கத்தியில் மிச்சமாவது ஒரு டீ காசுகூட வராது. சாதாரண நாளில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போனால், நின்று நிதானமாகப் பத்துக் கத்தியைத் தொட்டுப் பார்க்க விடுவார்கள்.

3. கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. கடைக்காரர் மேசையடியிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கத்தியில் வைத்து, “பாருங்க, ஒட்டல, ஒரிஜினல் எவர்சில்வர்” என்பார். காந்தம் ஒட்டாததால் அது நல்ல எவர்சில்வர் என்று முடிவு கட்ட முடியாது. 304 என்ற ரகத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 18/8 என்று பொறித்திருப்பது அதுதான். 202 என்ற மலிவு ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. ஆனால் உப்புத் தண்ணீர் பட்டால் 202-தான் முதலில் புள்ளி விழும்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. காந்தம் ஒட்டினால் தகரம் என்று ஒதுக்கிவிடுவார்கள். கத்தி அலகுக்கென்றே செய்யும் 420 போன்ற ரகங்களில் காந்தம் நன்றாகவே ஒட்டும். அந்த ரகத்தைச் சூடாக்கிக் கடினப்படுத்தலாம் என்பதால் நல்ல மேசைக் கத்திகளையே அதில் செய்கிறார்கள். துருவைத் தாங்குவதில் 304-க்கு ஒரு படி கீழே, விறைப்பில் ஒரு படி மேலே. ஆக, காந்தத்தை வைத்து எடுக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். எண் இல்லாவிட்டால் 202 என்றே நினைத்துக்கொண்டு அதற்குத் தக்க விலை பேசுங்கள்.

காந்தத்தைவிடக் கை சொல்வது அதிகம். பிடியை ஒரு கையில் பிடித்து, அலகின் முனையை மேசை விளிம்பில் வைத்துக் கட்டை விரலால் மெல்ல அழுத்துங்கள். தகடு போல வளைந்தால் வேண்டாம். அலகும் பிடியும் சேரும் கழுத்துதான் முதலில் விட்டுக்கொடுக்கும் இடம், அங்கே ஒன்றரை மி.மீ. கனமாவது வேண்டும். அடுத்து அலகின் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவுங்கள். அச்சில் வெட்டிய பிசிறு இருந்தால் விரலில் நெருடும். அந்தப் பிசிறு உதட்டிலும் கீறும், பஞ்சையும் கிழிக்கும். கடைசியாகக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். பிடி உள்ளே பொள்ளலாக இருந்து கலகலவென்று சத்தம் வந்தால் ஒட்டு விட்டிருக்கிறது, கழுவும்போதெல்லாம் தண்ணீர் உள்ளே போகும். பிளாஸ்டிக் பிடியிலும் இதே தொல்லை, ஆணி அடித்த இடத்தில் கருப்பாக அழுக்குச் சேரும். ஒரே துண்டாக அடித்த முழு எவர்சில்வர் கத்தியே உத்தமம்.

நான்-ஸ்டிக் தவாவும் பிளாஸ்டிக் டப்பாவும்தான் அதிகம் புழங்குகிறது என்றால் கூடவே ஒரு மரக்கத்தி வாங்குங்கள். எவர்சில்வர் இரண்டையும் கீறிவிடும்.

4. பேர் வெட்டி வாங்குங்கள்

இரண்டு கத்தி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்று வெண்ணெய், ஜாமுக்கு மட்டும். மற்றது அடுக்களை எடுபிடிக்கு. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டாம் நாளே மாறிவிடும். நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் பேர் வெட்டித் தரும் வழக்கம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒன்றில் ‘வெ’ என்று ஒரே எழுத்து போதும். பிடியில் வெட்டச் சொல்லுங்கள், அலகில் வேண்டாம். அலகில் வெட்டினால் அந்தப் பள்ளத்தில் வெண்ணெய் அடைந்து, வெயில் காலத்தில் மறுநாளே காறல் வாடை வரும். இரண்டு நிமிட வேலை. மொத்தமாகச் சாமான் எடுத்தால் அநேகமாகக் காசு கேட்க மாட்டார்கள். வெட்டிய இடத்தில் பிசிறு நிற்கும், அங்கேயே ஒரு தேய்ப்புத் தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மீன் உரசவும் இதே எடுபிடிக் கத்தி ஆகும் என்றாலும், வீட்டில் கவிச்சி சேராதவர்கள் இருந்தால் அதற்குத் தனியாக மூன்றாவது ஒன்று வாங்கிவிடுவது சண்டையைக் குறைக்கும்.

5. பில்லும் முத்திரையும்

ஐம்பது ரூபாய்க் கத்திக்கு யாரும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் படியேறப் போவதில்லை. ஆனால் தனிக்குடித்தனச் சாமானோடு சேர்த்து வாங்கும்போது துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். கடைப் பெயர், தேதி, ஜி.எஸ்.டி. எண், ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி விலை, இவை பில்லில் இருக்க வேண்டும். “பாத்திரம் வகை” என்று ஒரே வரியில் போட்ட பில்லை வைத்துக்கொண்டு எதையும் மாற்றிக் கேட்க முடியாது. பேர் வெட்டிய பிறகு பெரும்பாலான கடைகளில் திரும்ப எடுக்க மாட்டார்கள், அதனால் மூன்றாம் படியை முடித்துவிட்டு நான்காம் படிக்குப் போங்கள்.

பெட்டியில் அடைத்து வருவதில் அதிகபட்ச விலை, தயாரித்தவர் பெயரும் முகவரியும், தயாரித்த மாதம் ஆண்டு, எண்ணிக்கை, புகார் சொல்லும் தொடர்பு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டிருந்தால் அதோடு ‘சி.எம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த முத்திரையைக் கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், இன்னும் செல்லுமா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். முத்திரை இருந்து எண் இல்லாவிட்டால் அதை நம்ப வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போதே செல்போனில் படம் பிடியுங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் சோதித்துவிடுங்கள். படத்தில் கத்தி கனமாகத்தான் தெரியும். விவரத்தில் எடை எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 25 கிராமுக்குக் கீழே என்றால் தகடு. புகார் சொல்ல வேண்டி வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மெஸ்ஸோ டீக்கடையோ வைக்கப் போகிறவர்கள் நூறு கத்தி வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் சட்டப்படி நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துகிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால் முதலில் மாதிரிக்கு இரண்டு வாங்கி, ஒரு வாரம் புழங்கிப் பார்த்துவிட்டு, “இதே சரக்கு” என்று ரக எண்ணோடு பில்லில் எழுதி வாங்குங்கள்.

6. முதல் கழுவல்

புதுக் கத்தியில் பாலீஷ் போட்ட மசகு கொஞ்சம் ஒட்டியிருக்கும். வெறும் சோப்புக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுப் பழைய துணியால் துடையுங்கள், துணியில் கருப்பாக ஏறும். கருப்பு வருவது நின்ற பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். ஸ்டிக்கரை நகத்தால் பிறாண்டாமல், அதன் மேலும் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டால் வழுக்கிக்கொண்டு வரும்.

7. வெண்ணெய் தடவுவது

நம் ஊரில் சித்திரை, வைகாசியில் வெளியே வைத்த வெண்ணெய் நெய்யாகப் பார்க்கும், ஃப்ரிட்ஜில் வைத்தது செங்கல்லாக இருக்கும். வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும்; தடவ வாகான பதம் 20 டிகிரியை ஒட்டி. மே மாத மதியத்தில் வீட்டுக்குள்ளேயே அதைவிட எவ்வளவோ கூட இருக்கும். ஆகவே முழுக் கட்டியையும் வெளியே எடுத்து வைக்கிற பழக்கம் வேண்டாம். மேல்பக்கம் வழியும், நடு கல்லாகவே இருக்கும். திரும்ப உள்ளே வைத்தால் மணமும் கெடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். 100 கிராம் கட்டியிலிருந்து வேண்டிய அளவை மட்டும் அரை செ.மீ. கனத்தில் சீவித் தட்டில் பரப்புங்கள். வெயில் காலத்தில் 5 நிமிடம் போதும். ஆனி, ஆடிச் சாரல் காற்று அடிக்கும் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் 15 நிமிடம்கூட ஆகும். அவசரம் என்றால் கத்தியை வெந்நீரில் பத்து விநாடி வைத்து, ஈரம் போகத் துடைத்துவிட்டுச் சீவுங்கள். துடைக்காமல் சீவினால் தண்ணீர் வெண்ணெயில் இறங்கிச் சீக்கிரம் கெட்டுப்போகும்.

தடவும்போது அலகைப் படுக்கவும் விடாமல் நிமிர்த்தவும் செய்யாமல், லேசான சாய்வில் பிடித்து, பன்னின் நடுவில் வெண்ணெயை வைத்து வெளிப்பக்கமாக இழுங்கள். விளிம்பிலிருந்து உள்ளே தள்ளினால் பன் கிழியும். ஒரு பன்னுக்கு 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் தாராளம். 100 கிராமில் பத்துப் பன். உப்புப் போட்ட டேபிள் பட்டரா, உப்பில்லாத சமையல் வெண்ணெயா என்று உறையைப் பார்த்து வாங்குங்கள். ஆவினிலும் இரண்டும் தனித்தனியாக வரும். சமையல் வெண்ணெயைப் பன்னில் தடவிவிட்டு “ருசியே இல்ல” என்பவர்கள் நிறைய.

வீட்டில் கடைந்த வெண்ணெய் வேறு மாதிரி. தண்ணீரில் மிதக்கப் போட்டு வைத்திருப்பீர்கள், அதில் ஈரம் அதிகம். எடுத்த உருண்டையைத் தட்டில் வைத்துக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் இரண்டு மூன்று முறை அழுத்தினால் தண்ணீர் முத்து முத்தாகப் பிரிந்து ஓடும். வடித்துவிட்டுத் தடவுங்கள், பன் நமுக்காது.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். பன்னில் தொட்ட கத்தி திரும்ப ஜாம் பாட்டிலுக்குள் போகக் கூடாது. ரொட்டித் தூள் ஒரு துணுக்கு உள்ளே விழுந்தால் அதில்தான் பூசணம் பிடிக்க ஆரம்பிக்கும். முதலிலேயே வேண்டியதை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு அங்கிருந்து தடவுங்கள்.

8. எடுபிடிக் கத்தியின் வேலைகள்

இட்லி: தட்டை இறக்கியதும் எடுக்காமல் 2, 3 நிமிடம் விடுங்கள். கத்தியைத் தண்ணீரில் நனைத்து, அலகைக் குழியின் ஓரத்தோடு ஒட்டிச் சுற்றிக் கொண்டுவந்து அடியில் கொடுத்தால் முழுதாக வரும். ஒவ்வொரு குழிக்கும் மறுபடி நனைக்க வேண்டும். துணி போட்டு ஊற்றுகிறவர்களுக்கு இது வேண்டியதே இல்லை.

தேங்காய்: துருவாமல் சில்லாக எடுக்க இந்தக் கத்தியை மிஞ்ச ஒன்றில்லை. உடைத்த மூடியின் சிரட்டைப் பக்கத்தை அடுப்புத் தீயில் ஒன்றிரண்டு நிமிடம் காட்டி ஆறவிடுங்கள். அல்லது ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டிலும் பருப்பு சிரட்டையைவிட்டுக் கொஞ்சம் விலகும். மூடியை உள்ளங்கையில் ஏந்தாதீர்கள். மடித்த துண்டின் மேல் தரையில் வைத்து, சிரட்டைக்கும் பருப்புக்கும் நடுவே முனையை இறக்கி, பிடியை மெல்லத் திருகுங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அந்த இடம் விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்படியே நாலு இடத்தில் திருகினால் பாதி மூடி கழன்று வரும். கூர்க்கத்தியால் இதைச் செய்யும்போதுதான் கை கிழிகிறது. நீர் வற்றாத இளந்தேங்காயில் இது நடக்காது, குழைந்து வரும்.

இறுகிய மூடி: ஜாம், ஊறுகாய் பாட்டில்களின் மூடியைப் பிடித்திருப்பது உள்ளே உள்ள வெற்றிடம். மூடியின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையில் முனையை நுழைத்து வெளிப்பக்கம் லேசாக நெம்புங்கள். ‘டப்’ என்று காற்று ஏறியதும் கையாலேயே திறக்கலாம். தகர டப்பா மூடியை ஒரே இடத்தில் நெம்பினால் மூடி கோணும், பிறகு சேராது, பொடி எல்லாம் நமுத்துப் போகும். சுற்றிலும் நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள்.

இஞ்சித் தோலை அலகின் ஓரத்தால் சுரண்டலாம், சதை போகாது. பர்பி, மைசூர்பாகு தட்டில் ஓரம் பிரிக்க நெய் தடவிய கத்தி. மாவு அளக்கும்போது டம்ளரின் மேல் வழிக்க அலகின் முதுகு. சாளை மீனுக்குச் செதில் உரச, வாலிலிருந்து தலைப்பக்கமாக, தண்ணீருக்குள் வைத்து உரசினால் செதில் சுவரெல்லாம் தெறிக்காது.

சின்னப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம், வெந்த உருளைக்கிழங்கு, பனீர் நறுக்கக் கொடுத்துப் பழக்கவும் இதுதான் சரி. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும்.

நம்ம ஊர் அல்வாவுக்குக் கத்தி எதுவும் வேண்டாம். இலையோடு கையில் வாங்கிச் சாப்பிட வேண்டியது.

9. இதற்கெல்லாம் எடுக்காதீர்கள்

ஃப்ரீசரில் கட்டிய பனியை உடைக்க. நெல்லைப் பக்கம் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருக்கிறவர்கள் செய்யும் பெரிய தப்பு இது. பனிக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகட்டில் ஓட்டை விழுந்தால் கேஸ் போய்விடும். ஓட்டை அடைத்துக் கேஸ் ஏற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். சுவிட்சை அணைத்து, கதவைத் திறந்து, ஒரு கிண்ணம் வெந்நீரை உள்ளே வைத்தால் தானே உருகி விழும்.

டோஸ்டரில் மாட்டிய ரொட்டியை எடுக்க. பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டு, மரக்கத்தியால் எடுங்கள். சுவிட்ச் போர்டு ஸ்குரூ முடுக்கவும் கூடாது, எவர்சில்வர் பிடி வழியே ஷாக் நேராகக் கைக்கு வரும்.

பிரஷர் அடங்காத குக்கர் மூடியை நெம்ப. அடங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பெயிண்ட் டப்பா, சுவரில் ஒட்டிய சுண்ணாம்பு, தரையில் கொட்டிய மெழுகு, இவற்றுக்கு ஒரு முறை எடுத்த கத்தி அடுக்களைக்குத் திரும்பி வரக் கூடாது. வளைந்த பழசு ஒன்று இருந்தால் அதைக் கருவிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

10. கழுவுவதும் வைப்பதும்

தாமிரபரணித் தண்ணீர் வரும் வீடுகளில் பெரிய கவலை இல்லை. உவரி, திசையன்விளை மாதிரிக் கடலோரத்தில் உப்பு ஏறிய போர்த் தண்ணீர் புழங்கினால், கழுவிய கத்தியை அப்படியே கவிழ்த்து வைக்காமல் துணியால் துடைத்து வையுங்கள். தண்ணீர்ச் சொட்டு காய்ந்த இடத்தில்தான் புள்ளி விழும். ஊறுகாயோ உப்போ பட்ட கத்தியை ராத்திரி முழுக்கத் தொட்டியில் போட்டு வைப்பதும் இதே கதிதான். வெள்ளைக் கறைக்கு எலுமிச்சை மூடியால் தேய்த்து உடனே அலசுங்கள். இரும்பு நார் போட வேண்டாம், அதன் துணுக்கு ஒட்டி அதுவே துருப்பிடித்துக் கத்தியைக் கெடுத்ததுபோல் காட்டும். தேங்காய் நாரே போதும்.

தூத்துக்குடி வாகைக்குளத்தில் விமானம் ஏறுகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள், கூர் இல்லை என்று வாதாடி நேரம் போகும். ஏற்றிவிடும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

தெருவில் சாணை பிடிக்கிறவர் வரும்போது அரிவாள்மனை, காய்க்கத்தியோடு சேர்த்து இதையும் யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அவரும் மறுக்காமல் பிடித்துக் கொடுப்பார். கூர் ஏறிவிட்டால் மேலே சொன்ன வேலை ஒன்றுக்கும் அது ஆகாது. அவர் வரும் நாளில் முதலில் இந்த இரண்டையும் உள்ளே எடுத்து வையுங்கள்.